இரவில் மரத்துப் போகும் கை: மணிக்கட்டு நரம்பை ஸ்கேனில் பார்க்கலாம்





நம் மருத்துவ உதவி நிதிக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பித்த சகோதரியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்; பெயர் வேண்டாம். வயது 46. வீட்டில் தையல் மிஷின் வைத்து நைட்டியும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பவர். வலது கை மரத்துப் போகிறது, இரவில் தூக்கம் இல்லை என்று வந்தார். 'கழுத்து எலும்பு தேய்மானமாக இருக்கும்' என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார். பிறகு கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அதற்கான பணத்தை நாங்கள்தான் கொடுத்தோம். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார். அதற்குள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை; டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது.

கடைசியாக மதுரையில் ஒரு டாக்டர் அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுண்டுவிரல் மரத்துப் போகுதாம்மா?"

"இல்லைங்க டாக்டர். சுண்டுவிரல் மட்டும் நல்லா இருக்கு."

எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கிய நாங்களும் கேட்கவில்லை. டாக்டர் அன்றைக்கே மணிக்கட்டுக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பத்து நிமிட வேலை. நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்பட்டு வீங்கியிருப்பது திரையில் தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது இரவில் தூங்குகிறார். ஆனால் கட்டைவிரல் அடியில் வற்றிப்போன சதை முழுதாகத் திரும்பவில்லை. பட்டன் கட்டும் வேலையை மகள்தான் செய்து கொடுக்கிறாள்.

அந்த எட்டு மாதம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது?

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம். டன்னல் என்றால் சுரங்கப்பாதை. நம் மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கம் அப்படி ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அடியிலும் இரு பக்கத்திலும் சிறு எலும்புகள். மேலே கூரை போட்டதுபோல ஒரு தடித்த பட்டை. இந்தப் பாதை வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் செல்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஒரே ஒரு நரம்பும் போகிறது. அதன் பெயர் மீடியன் நரம்பு.

எலும்பும் பட்டையும் விரிந்து கொடுக்காது. தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறை கொஞ்சம் தடித்தாலும், உள்ளே நீர் கோத்தாலும், இடம் குறைகிறது. அந்த நெருக்கடியில் முதலில் பாதிக்கப்படுவது மென்மையான நரம்புதான்.

மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுக்கிறது. கட்டைவிரல் அடியில் மேடாக இருக்கும் சதையை இயக்குவதும் பெரும்பாலும் அதுதான். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு. அது இந்தச் சுரங்கத்துக்குள் போவதில்லை. அதனால்தான் அந்த டாக்டர் சுண்டுவிரலைப் பற்றிக் கேட்டார்.

எந்த விரல்? எந்த நேரம்?

நம் வீட்டுத் தாய்மார்கள் 'கை மதமதன்னு இருக்கு', 'எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு', 'ஊசி குத்துது' என்பார்கள். அப்படிச் சொல்லும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்த விரல்? கட்டைவிரல் பக்கத்து மூன்று, மூன்றரை விரல்கள் மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருந்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சிலர் 'கை முழுக்க' என்றுதான் சொல்வார்கள். அவர்களிடம், அடுத்த முறை மரக்கும்போது ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: எந்த நேரம்? இந்த நோய் இரவில்தான் அதிகம் படுத்தும். தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும். அப்போது சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோலக் கையை உதறினால் கொஞ்சம் தேவலையாகும். கையை உதறிக்கொண்டு எழுவதே டாக்டர்கள் கவனிக்கும் ஓர் அடையாளம். பகலில் செல்போனைக் காதில் வைத்திருக்கும்போதும், பைக் ஓட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் வரலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். திடீரென்று ஒரு பக்கக் கையோ காலோ விழுந்துவிட்டால், முகம் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சு வலியோடு இடது கை வலித்தால் மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் இந்தக் கட்டுரையை நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

யாருக்கு வருகிறது?

பெண்களுக்கே அதிகம், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் உடலில் நீர் கோப்பதால் வரும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகவே போய்விடும்.

வேலையும் ஒரு காரணம். கையை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வேலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தறியில் இழை முடிவது, தையல், கரிசல் காட்டில் களைக்கொத்தி பிடிப்பது, பருத்தி எடுப்பது, மூட்டத்துக்காகச் சீமைக்கருவேல மரம் வெட்டுவது, கறிக்கடையில் கத்தி பிடிப்பது, பரோட்டா மாஸ்டர் மாவு பிசைந்து வீசுவது, இவை எல்லாமே மணிக்கட்டு வேலைகள். இந்த வேலை செய்யும் எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் வந்தால், வருமானமே அந்தக் கையை நம்பித்தான் இருக்கிறது. 'வேலை செஞ்சா கை வலிக்கத்தானே செய்யும்' என்று சொல்லி அடக்கிவிடுவதால் நரம்புக்குத்தான் நஷ்டம்.

டாக்டர் முதலில் கையைப் பார்க்க வேண்டும்

ஸ்கேன் பற்றிச் சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் சென்டருக்கு நேராகப் போய் நிற்காதீர்கள். முதலில் டாக்டர் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார். அதற்குள் விரல் மரத்தால் அது ஒரு தடயம். இந்தச் சோதனைக்கு அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனின் பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டின் மேல் விரலால் தட்டிப் பார்ப்பது இன்னொரு சோதனை; அதற்குப் பிரெஞ்சு மருத்துவர் டினெலின் பெயர். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருக்கிறதா என்று இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கழுத்தையும் திருப்பிப் பார்ப்பார். கழுத்து நரம்பு நசுங்கினாலும் விரல் மரக்கும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்து எம்.ஆர்.ஐ. மணிக்கட்டைப் பார்ப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பலருடைய கழுத்துப் படத்தில், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், தேய்மானம் தெரியும். நம் சகோதரியின் விஷயத்தில் எல்லோரும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் நெடுங்காலமாகச் செய்துவருவது நரம்புக் கடத்தல் பரிசோதனை. மக்கள் 'கரண்ட் வைத்துப் பார்க்கிற டெஸ்ட்' என்பார்கள். நரம்பில் சிறு மின்துடிப்பைக் கொடுத்து, அது மணிக்கட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பார்கள். நெருக்கப்பட்ட நரம்பில் அது மெதுவாகப் போகும். நல்ல பரிசோதனை. சுருக் சுருக்கென்று இருக்கும்; பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நோய் ஆரம்பத்தில் இருக்கும் சிலருக்கு இதில் எல்லாம் சரி என்றே வந்துவிடும். எல்லா ஊரிலும் இந்த வசதி இருக்காது. இந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் உதவிக்கு வருகிறது.

ஸ்கேன் எப்படிக் காட்டுகிறது?

நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அல்ட்ராசவுண்ட் கருவி அதற்கும் மிக மேலான ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. வயிற்றைப் பார்க்க நொடிக்குச் சுமார் 30 முதல் 50 லட்சம் அதிர்வு கொண்ட ஒலி போதும். அது ஆழமாகப் போகும். ஆனால் நுணுக்கம் குறைவு. மணிக்கட்டு நரம்பு தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. அதனால் நொடிக்கு ஒரு கோடி அதிர்வுக்கு மேல் கொடுக்கும், தட்டையான முகம் கொண்ட வேறொரு புரோப் வேண்டும். ஆகவே வயிறு ஸ்கேன் எடுக்கும் எல்லா இடத்திலும் நரம்பு ஸ்கேன் எடுத்துவிட முடியாது. கருவியும் வேண்டும், நரம்பைப் பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டாம். முழங்கை வரை கையை நீட்டினால் போதும். வேறு ஆடை எதையும் விலக்கத் தேவையில்லை. இதனால் தயங்கும் தாய்மார்கள் தயக்கமில்லாமல் போகலாம். நோன்பு வைத்திருந்தாலும் எடுக்கலாம். வாய்க்குள்ளோ உடலுக்குள்ளோ எதுவும் போவதில்லை. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, புரோப்பை மணிக்கட்டின் குறுக்கே வைப்பார்கள். வலி இருக்காது.

குறுக்காகப் பார்க்கும்போது நரம்பு ஒரு தேன்கூட்டை வெட்டிவைத்ததுபோலத் தெரியும். பக்கத்தில் தசைநாண்கள் வெள்ளையாகத் தெரியும். விரலை மடக்கி நீட்டச் சொன்னால் தசைநாண்கள் ஓடுவதும், நரம்பு அவற்றோடு நகர்கிறதா, சிக்கிக்கொண்டிருக்கிறதா என்பதும் நம் கண் முன்னாலேயே தெரியும். எம்.ஆர்.ஐ.யில் இப்படி அசைத்துப் பார்ப்பது எளிதல்ல. செலவும் அதில் பல மடங்கு.

முக்கியமாக அளப்பது நரம்பின் குறுக்குப் பரப்பு. இது ஏன் என்று புரிந்துகொள்ள நம் கண்மாயை நினைத்தால் போதும். மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே தேங்கும்? அடைப்புக்கு மேல்புறத்தில்தானே. அதே மாதிரி, பட்டைக்கு அடியில் நசுங்கும் நரம்பு, சுரங்கத்தின் வாசலில், அதாவது மணிக்கட்டு ரேகைக்குப் பக்கத்தில், வீங்கிப்போகிறது. உள்ளே தட்டையாகிறது.

சாதாரணமாக அந்த இடத்தில் நரம்பின் பரப்பு 10 சதுர மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஏறக்குறைய ஓர் உளுந்தின் பருமன்தான். அதைத் தாண்டினால் சந்தேகம்; 12, 14 என்று போகும்போது சந்தேகம் வலுவாகிறது. எல்லைக்கோட்டு எண் மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும். ஆள் பருமனைப் பொறுத்தும் நரம்பு மாறும் என்பதால், முழங்கைப் பக்கமாகச் சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி அதே நரம்பை இன்னொரு முறை அளந்து ஒப்பிடுவார்கள். மணிக்கட்டில் உள்ள அளவு, மேலே உள்ளதைப்போல 1.4 மடங்கைத் தொட்டால் அது நெருக்கத்தின் அடையாளம். ரிப்போர்ட்டில் 'சி.எஸ்.ஏ.' என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் இந்தப் பரப்பு.

இந்த முறை புதிதல்ல. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் புக்பெர்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990-களின் தொடக்கத்திலேயே மணிக்கட்டு நரம்பின் வீக்கத்தையும் தட்டையாவதையும் ஸ்கேனில் அளந்து எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்து, அமெரிக்காவின் நரம்பு–தசை நோய் மருத்துவர் சங்கம் 2012-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மணிக்கட்டில் நரம்பின் பரப்பை அளப்பது இந்த நோயைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி என்று அது ஏற்றுக்கொண்டது. கரண்ட் டெஸ்ட்டோடு இதையும் சேர்த்துச் செய்தால், கட்டமைப்பில் உள்ள மற்றக் கோளாறுகளும் தெரியவரும் என்றும் சொன்னது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். கரண்ட் டெஸ்ட் நரம்பு மெதுவாகிவிட்டது என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது. ஸ்கேனில் காரணம் தெரியலாம். நீர்க்கட்டி ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே நரம்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். கூடவே ஓர் இரத்தக் குழாயும் ஓடும். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டருக்கு இது முன்கூட்டியே தெரிவது நல்லது.

ஸ்கேன் சொல்லாதது என்ன?

ஸ்கேன் நரம்பின் வடிவத்தைக் காட்டுகிறது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளப்பது கரண்ட் டெஸ்ட்தான். அதனால் சிலருக்கு இரண்டும் தேவைப்படும். குறிப்பாக ஆபரேஷன் யோசிக்கும்போது.

ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று வந்தாலும், இரவில் மரத்துப் போவது தொடர்ந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆரம்ப நிலையில் வீக்கம் தெரியாமல் போகலாம். அதேபோல, தொந்தரவே இல்லாத ஒருவருக்கு எண் 11 என்று வந்துவிட்டால் கத்தி வைக்க வேண்டியதில்லை. சிகிச்சை எண்ணுக்கு அல்ல, ஆளுக்குத்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரையால் நரம்புகள் பொதுவாகவே கொஞ்சம் தடித்திருக்கும். இரண்டு பாதமும் சேர்ந்து மரத்துப்போனால் அது சர்க்கரையின் வேலையாக இருக்கும். ஆனால் அதே ஆளுக்கு மணிக்கட்டு நெருக்கமும் கூடவே இருக்கலாம். 'எல்லாம் சுகர்தான்' என்று விட்டுவிடக் கூடாது.

நரம்பு ஊசி என்று போட்டுக்கொள்ளும் வைட்டமின் ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் அது தேவைதான். ஆனால் பட்டைக்கு அடியில் நசுங்கும் நரம்பின் அழுத்தத்தை எந்த வைட்டமினும் விலக்காது.

மறைக்கக் கூடாத இன்னொரு நோய்

கை மரத்துப்போனதைப் பலர் வெளியே சொல்லத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. 'குஷ்டமா இருக்குமோ' என்ற பயம். அதையும் வெளிப்படையாகப் பேசுவோம்.

தொழுநோய் நரம்பைத் தாக்கும் நோய்தான். ஆனால் கையில் அது பெரும்பாலும் முழங்கைப் பக்கம் ஓடும் அல்நார் நரம்பைத்தான் பிடிக்கும். அதனால் சுண்டுவிரல் பக்கம் மரக்கும், விரல்கள் மடங்கும். தோலில் உணர்ச்சியில்லாத, நிறம் வெளுத்த படை இருக்கலாம். ஹைதராபாத்தில் லெப்ரா அமைப்பின் புளூ பீட்டர் ஆய்வு மையத்து மருத்துவர்கள், நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, தொழுநோயாளிகளின் நரம்புகளை இதே அல்ட்ராசவுண்டால் அளந்து 2009-ல் ஆய்வு வெளியிட்டார்கள். கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நரம்புத் தடிப்பும் ஸ்கேனில் தெரிந்தது.

தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து மறுபடியும் வேலை செய்ய வைத்தவர். மரத்துப்போன கை முடிந்துபோன கை அல்ல என்பதை நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே அவர் செய்து காட்டினார். எந்த நோயாக இருந்தாலும் மறைப்பதால் நரம்பு பிழைக்காது.

எங்கே போவது?

முதலில் நம் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை அல்லது திருச்சுழி அரசு மருத்துவமனை. அங்கே கையைக் காட்டி, 'எந்த விரல், எந்த நேரம்' என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்வார்கள். மேற்கொண்டு தேவை என்றால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும், கை ஆபரேஷன் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் உண்டு. மதுரை நமக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எது திட்டத்தில் சேரும் என்பதை மருத்துவமனையின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போவதாக இருந்தால், போகும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "மணிக்கட்டு நரம்பு ஸ்கேன் எடுப்பீர்களா? மீடியன் நரம்பின் அளவை ரிப்போர்ட்டில் எழுதித் தருவீர்களா?" இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் போங்கள்.

'முகாம் போடும்போது ஒரு ஸ்கேன் மெஷினைப் பள்ளிவாசல் மண்டபத்துக்கே கொண்டுவந்து வைத்துவிடலாமே' என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல எண்ணம், ஆனால் நினைத்தபடி செய்ய முடியாது. ஸ்கேன் சென்டர்களில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது' என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1994-ல் வந்த சட்டம் அது. அந்தச் சட்டப்படி அல்ட்ராசவுண்ட் கருவி பதிவு செய்யப்பட்ட இடத்தில்தான் இயங்க வேண்டும். கை ஸ்கேனுக்கு என்றாலும் ஊர் ஊராகத் தூக்கிப் போக முடியாது. ஆகவே முகாமில் டாக்டர் கையைப் பார்ப்பார். ஸ்கேன் தேவைப்படுகிறவர்களைச் சென்டருக்கு அனுப்பும் செலவை நாம் ஏற்றுக்கொள்வோம்.

தெரிந்த பிறகு என்ன?

ஆரம்ப நிலையில் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம். மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் ஆறு வாரமாவது கட்டிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். நேராக என்பதுதான் முக்கியம். மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும் பட்டை அந்த அளவுக்குப் பலன் தராது. காலையில் கழற்றிவிட்டுச் சுபுஹுக்கு ஒளு செய்துகொள்ளலாம். சுஜூதிலிருந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றி முழு எடையையும் மணிக்கட்டில் போடுவது சிலருக்கு மரத்துப் போவதை அதிகமாக்கும். அவர்கள் எப்படி எழுந்து தொழலாம் என்பதையும், கையில் கட்டு இருக்கும் நாட்களில் ஒளுவை எப்படிச் செய்வது என்பதையும் நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையிலும் சின்ன மாற்றம் செய்யலாம். தையல் மிஷின் உயரத்தைச் சரிசெய்து மணிக்கட்டை நேராக வைப்பது, களைக்கொத்தியின் பிடியில் துணி சுற்றிக் கொஞ்சம் பருமனாக்குவது, அரை மணிக்கொரு முறை கையை விட்டு உதறி ஓய்வு கொடுப்பது. நோன்புக் கஞ்சிக்குப் பெரிய அண்டாவைக் கிண்டும் சகோதரர்கள் ஆள் மாற்றிக் கிண்டுங்கள்.

அடுத்த படி, மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பலருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நல்ல நிவாரணம் கிடைக்கும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போட்டால் ஊசி நரம்பில் படாமல் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இவற்றில் அடங்காவிட்டாலோ, சதை வற்றத் தொடங்கிவிட்டாலோ ஆபரேஷன். அந்தக் கூரைப் பட்டையை வெட்டி இடம் கொடுப்பதுதான் வேலை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரவு மரத்துப் போவது சீக்கிரம் தீரும். வற்றிப்போன சதை திரும்புவது மட்டும் உறுதியில்லை. காலம் கடத்தக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

தொடக்கத்தில் சொன்ன சகோதரியின் விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் பார்த்தால், 'நோய் விவரம்' என்ற இடத்தில் 'கழுத்து வலி, கை மரப்பு' என்று நான்கே சொல்லில் எழுதியிருக்கிறோம். அதனால் நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். கை மரக்கிறது என்று வருபவரிடம் நம் பொறுப்பாளர்கள் 'எந்த விரல்? எந்த நேரம்?' என்று கேட்டு எழுத வேண்டும். பெண்களிடம் கேட்க நம் மகளிர் குழுச் சகோதரிகள் இருப்பார்கள். எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கொடுக்கும் முன், டாக்டர் மணிக்கட்டையும் பார்த்தாரா என்று கேட்போம். இது டாக்டர்மீது சந்தேகப்படுவது ஆகாது. ஏழையின் பணமும் நேரமும் அமானிதம் என்பதால்தான்.

இன்று இரவு உங்கள் வீட்டில் யாராவது கையை உதறிக்கொண்டு எழுந்தால், விளக்கைப் போட்டு அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காலையில் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். செலவுக்குத் தயக்கம் என்றால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூட வர ஆள் அனுப்புகிறோம்.